ஏற்காடு சபை சமூக நீதி முகாம்: போலாமா, காசுக்குத் தகுமா, எங்க கொறை இருக்கு

சபைகளுக்கு சமூக நீதி பயிற்சின்னு ஏற்காட்டுல ஒரு முகாம் நடத்துறாங்க, சேலம் பக்கம் நெறைய சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபைக்கும் ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) பங்குக்கும் லெட்டர் வந்திருக்கும், வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கெழம மத்தியான சாப்பாட்டோட முடியுது. எங்க சபைல இருந்து ஆறு பேரு போயிட்டு வந்தோம், நான் சண்டே ஸ்கூல் டீச்சரா போனேன், கூட சபை நிர்வாகத்த பாக்கற பாஸ்டரேட் கமிட்டி அங்கிள் ரெண்டு பேரு, பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருத்தங்க, வாலிபர் சங்கத்து பசங்க ரெண்டு பேரு. போறதுக்கு முன்னாடி இத பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு தேடிப் பாத்தேன், ஒண்ணும் கெடைக்கல, அதான் விவரமா எழுதுறேன். நீளமாத்தான் இருக்கும், சபைல பொறுப்புல இருக்கறவங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

மொதல்லயே சொல்லிடறேன், என் மார்க்கு 5க்கு 4. அந்த ஒரு மார்க்க எதுக்கு கொறைச்சேன்னு கீழ வருது.

நடத்துறது ஒரு சின்ன குழு, ரிட்டையர் ஆன போதகர் ஒருத்தர், ஒரு சிஸ்டர், வக்கீல் மேடம் ஒருத்தங்க, பறை அடிக்கிற தம்பிங்க ரெண்டு பேரு. குழுவோட பேர இங்க போடவேண்டாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க, பேரு பரவுனா சில ஊர்ல உள்ளயே விடமாட்டேங்கறாங்களாம், அதனால போடல. உங்க பாஸ்டரேட் ஆபீஸ்லயோ பங்கு சாமியார்கிட்டயோ கேட்டா லெட்டர் எங்கியாச்சும் ஃபைல்ல இருக்கும், அதுல நம்பர் இருக்கு. ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்குறாங்க, தங்கறது சாப்பாடு புக்கு எல்லாம் சேத்து.

எடம் பத்தி சீக்கிரம் சொல்லிட்டு போயிடறேன். தியான இல்லம் டவுன்ல இருந்து கொஞ்சம் தள்ளி, காப்பி எஸ்டேட் நடுவுல, சுத்தி சில்வர் ஓக் மரமும் அதுல ஏறுன மொளகு கொடியும்தான். சேலத்துல இருந்து பஸ்லயே போலாம், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, வாந்தி வர்றவங்க முன்னாடி சீட்டுல ஒக்காருங்க. ரூம் சுத்தமா இருக்கு, ஒரு ரூமுக்கு மூணு கட்டில், ராத்திரி நல்ல குளுரு, அவங்க குடுக்கற ஒரு போர்வை பத்தாது, வீட்ல இருந்து ஒண்ணு எடுத்துட்டு போங்க. சுடுதண்ணி காலைல ஆறு மணியில இருந்து ஏழு வரைக்கும்தான். காப்பி ரொம்ப நல்லாருந்துச்சு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி பயிற்சின்னாலே என்ன நடக்கும்னு நமக்கு தெரியும், "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை"னு கலாத்தியர் மூணாம் அதிகாரத்த வாசிப்பாங்க, எல்லாரும் ஆமென்னு சொல்லுவோம், குரூப் போட்டோ எடுத்துட்டு கெளம்பிருவோம். இங்க அந்த வசனத்த மொத ரெண்டு நாள் யாருமே தொடல. மொத நாள் ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் ஒரு பாட்டு, சின்னதா ஒரு ஜெபம், உடனே ஒவ்வொரு சபைக்கும் ஒரு சார்ட் பேப்பரும் நாலு கலர் மார்க்கரும் குடுத்து உங்க கல்லறைத் தோட்டத்த வரைங்கன்னுட்டாங்க. கேட்டு எங்க, தண்ணி பைப்பு எங்க, மரம் எங்க, எந்த குடும்பத்து கல்லறை எங்க இருக்கு, அவ்ளோதான் கேள்வி.

பக்கத்து டேபிள்ல ஒரு கிராமத்து பங்கு ஆளுங்க ஒக்காந்திருந்தாங்க, அவங்க சார்ட்ல நடுவுல ஒரு கோடு போட்டு மதில்னு எழுதுனாங்க, ரெண்டு பக்கமும் தனித்தனி கேட்டு. அவங்க கூட வந்த வயசான ஒருத்தர் அந்த மதில எப்ப யார் கட்டுனாங்கன்னு மேஸ்திரி பேரு வரைக்கும் சொன்னாரு. எங்க சபை கல்லறைல மதிலெல்லாம் கெடையாது, அதனால நாங்க தைரியமாத்தான் வரைய ஆரம்பிச்சோம். வரைஞ்சு முடிச்சு பாத்தா கேட்டு பக்கம் வேப்பமரத்தடி பூரா கிரானைட் போட்ட கல்லறை, பின்னாடி சாக்கடை ஓரத்துல பேரு இல்லாத மண்மேடு, அந்த மேடெல்லாம் யாரோடதுன்னு கேட்டா துப்புரவு வேலை பாக்கற குடும்பங்க.

கமிட்டி அங்கிள் ஒருத்தர் எந்திரிச்சு அது வேற ஒண்ணுமில்லீங்க, முன்னாடி எடம் பத்தாம போயிருச்சுன்னு சொன்னாரு. சிஸ்டர் கோவப்படவே இல்ல, சரிங்கய்யா, எந்த வருசத்துல இருந்து எடம் பத்தலைன்னு ரெஜிஸ்டர்ல பாத்து சொல்லுங்கன்னாங்க. அடக்க ரெஜிஸ்டரோட ஜெராக்ஸ் எடுத்துட்டு வரணும்னு லெட்டர்லயே போட்டிருந்தாங்க, எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. அங்கிள் கண்ணாடிய மாட்டிட்டு வெரல வெச்சு ஒவ்வொரு வரியா எறங்குனாரு. சாக்கடை ஓரம் அடக்கம் பண்ணுன தேதி ஒண்ணு, அதுக்கு மூணு வருசம் கழிச்சு வேப்பமரத்தடியில ஒரு அடக்கம், அதுக்கப்புறமும் அங்கயே இன்னொண்ணு. எடம் இருந்திருக்கு. அவரே சிவப்பு மார்க்கர வாங்கி அந்த தேதிங்கள சார்ட்ல எழுதுனாரு, யாரும் எழுத சொல்லல.

இந்த முகாம்ல எனக்கு ரொம்ப புடிச்சது இந்த மொறைதான். சாதி தப்புன்னு கிறிஸ்தவங்களுக்கு பிரசங்கம் பண்ணி புரியவைக்க வேண்டியதே இல்ல, எல்லாரும் ஒத்துக்குவாங்க, எங்க சபைல அதெல்லாம் இல்லைன்னும் அதே மூச்சுல சொல்லுவாங்க. உங்க ரெஜிஸ்டரு, உங்க சாவிக்கொத்து, உங்க சந்தா நோட்டு, இத எடுத்து முன்னாடி வெச்சாத்தான் பேச்சு ஆரம்பிக்குது. சபைல நீதிய சொல்லிக்குடுக்கணும்னா அந்த சபையோட கணக்குலயும் வழக்கத்துலயும் இருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் அங்கதான் முழுசா நம்புனேன்.

சனிக்கெழம காலைல வேதபாடம். பேதுரு அந்தியோகியால புறஜாதியார், அதாவது யூதர் இல்லாதவங்க கூட ஒக்காந்து சாப்ட்டுட்டு இருக்காரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து ஆளுங்க வந்ததும் பயந்து வெலகிக்கிறாரு, பவுல் எல்லார் முன்னாடியும் மொகத்துக்கு நேரா கண்டிக்கிறாரு, கலாத்தியர் ரெண்டாம் அதிகாரம். இத நான் எத்தனையோ வாட்டி படிச்சிருக்கேன், பந்தியில எவன் கூட ஒக்காந்து சாப்பிடறதுங்கற சண்டைன்னு இவ்ளோ பச்சையா யாரும் எனக்கு சொன்னதில்ல. அடுத்து அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம், கிரேக்கரானவங்க எங்க விதவைகள சரியா விசாரிக்கலன்னு முறுமுறுக்கறாங்க. அதுக்கு அப்போஸ்தலருங்க என்ன பண்ணாங்க, சமாதானமா இருங்கன்னு அட்வைஸ் பண்ணல, ஏழு பேர தேர்ந்தெடுத்து பந்தி விசாரணைய அவங்க கையில ஒப்படைச்சாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழு பேருமே கிரேக்க பேரு. யார் முறுமுறுத்தாங்களோ அவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்பு போச்சு. போதகர் இத சொல்லி முடிச்சிட்டு உங்க பாஸ்டரேட் கமிட்டி லிஸ்ட்ட எடுங்கன்னாரு.

எங்க சபைல கமிட்டி எலக்சன்ல ஓட்டு போடணும்னா சந்தா பாக்கி இருக்கக்கூடாது, நின்னு ஜெயிக்கணும்னா கேக்கவே வேணாம். தினக்கூலிக்கு போறவங்க பாதி பேருக்கு பாக்கி இருக்கும், அதனால பல வருசமா அவங்க தெரு ஆளுங்க பேரு கமிட்டி லிஸ்ட்லயே வரல. சாதி பேர சொல்லி யாரும் யாரையும் வெலக்கல, ரூல் தன்னால அந்த வேலைய செஞ்சுட்டு இருந்திருக்கு. இதுக்கு வக்கீல் மேடம் குடுத்த யோசனை ரொம்ப எளிசா இருந்துச்சு, சந்தாவுக்கு கொறஞ்சபட்சம்னு ஒரு சின்ன தொகைய வெச்சு அத கட்டுனா ஓட்டு உண்டுன்னு பொதுக்குழுல தீர்மானம் போடுங்கன்னாங்க.

மத்தியானம் வரலாறு. ஹால்ல ஒரு கயித்த கட்டி அதுல வருசம் போட்ட அட்டைய தொங்கவிட்டிருந்தாங்க. மொத அட்டை 1623, இத்தாலில இருந்து மிஷனரியா வந்து மதுரைல இருந்த நொபிலி சாமியார் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்த வருசம். நம்ம ஊருக்கு அவரு வந்தாருன்னே எங்க பசங்களுக்கு தெரியல. அவரு பிராமண சன்னியாசி மாதிரி வாழ்ந்து மேல்சாதிக்காரங்கள சேத்தாரு, மத்தவங்களுக்கு பண்டாரசாமின்னு தனி குருக்கள் 1640 வாக்குல வந்தாங்க, அப்ப போட்ட பிரிவு இன்னைக்கு வரைக்கும் எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு சிஸ்டர் பொறுமையா சொன்னாங்க, ஆர்சி ஆளுங்க முன்னாடியே. நாங்க சிஎஸ்ஐக்காரங்க சவுகரியமா கேட்டுட்டு இருந்தப்ப அடுத்த அட்டை 1833. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதிய அடியோட விடணும்னு சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூர்லயும் மெட்ராஸ் வேப்பேரியிலயும் நெறைய பேரு சபைய விட்டே வெளிய போனாங்க, எதுக்கு, கூட ஒக்காரமாட்டோம், ஒரே பாத்திரத்துல திருவிருந்து எடுக்கமாட்டோம்னு.

அதுக்கு பக்கத்துல தென் ஆப்பிரிக்கா அட்டை. இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா எங்க டீம்ல எல்லாரையும் புடிச்சு உலுக்குனது இதுதான். 1857ல அங்க டச்சு சீர்திருத்த சபையோட சினாடு, அதாவது பொதுப் பேரவை கூடுது. வெள்ளக்காரங்களும் கறுப்பு ஜனங்களும் ஒண்ணா ஆராதிக்கறதுதான் வேதப்படி சரின்னு அவங்களே எழுதுறாங்க, ஆனா சிலரோட பலவீனத்தினால அது நடக்காத எடத்துல தனியா வெச்சுக்கலாம்னு அனுமதி குடுக்கறாங்க. அந்த ஒரு அனுமதி வழக்கமாச்சு, அப்புறம் தனித்தனி சபையே ஆச்சு, கடைசில ஒரு நாட்டோட இனவெறி சட்டத்துக்கே அந்த சபை இறையியல் நியாயம் சொல்ற அளவுக்கு போச்சு. அதே குடும்பத்துல கலப்பின மக்களுக்குன்னு ஒதுக்குன சபை 1982ல பெல்ஹார்ங்கற எடத்துல கூடி இன ஒதுக்கல் விசுவாசத்துக்கே விரோதம்னு ஒரு அறிக்கைய எழுதி, 1986ல அத விசுவாசப் பிரமாணமாவே ஏத்துக்கிச்சு. போதகர் கேட்டாரு, நம்ம சபைல எத்தன காரியம் சிலரோட பலவீனத்துக்காக விட்டு வெச்சிருக்கோம்னு எழுதுங்கன்னு. எங்க டேபிள்ல ஒரு பேப்பர் ரொம்பி பின்பக்கமும் போச்சு. கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் எந்த தெருவுக்கு கடைசில போகுது, அந்த தெருவுல டீ குடிக்கறமா, சபை விருந்துல பரிமாறறது யாரு எல எடுக்கறது யாரு, சாவு வீட்டுக்கு போதகர் கூட யாரு போறாங்க யாரு போறதில்ல, எல்லாம்.

அமெரிக்கா பத்தியும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. மார்ட்டின் லூதர் கிங் 1963ல பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதுன கடிதம் வெள்ளக்கார மதகுருக்கள் எட்டு பேருக்கு பதிலா எழுதுனதுன்னு நான் அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன், அவங்க இனவெறியர்கள் கூட இல்ல, போராட்டம் வேணாம், கோர்ட்டு பாத்துக்கும், பொறுமையா இருங்கன்னு சொன்ன நல்ல மனுசங்க. அந்த பொறுமையா இருங்கங்கற வார்த்தைய நம்ம ஊர்லயும் யாரு யார பாத்து சொல்றாங்கன்னு யோசிச்சா போதும். வாலிபர் சங்கத்து பையன் ஒருத்தன் இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு, நம்ம கதைய பேசுவோமேன்னு எந்திரிச்சு கேட்டான். எனக்கு அவன் கேட்டது பாதி சரின்னு படுது. 2020ல அமெரிக்க போலீஸ் கையில செத்த ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு ஸ்டேட்டஸ் வெச்ச நம்ம பசங்க செப்டிக் டேங்க்ல விஷவாயுல செத்தவங்களுக்கு எதுவும் வெக்கல. ஆனா தென் ஆப்பிரிக்கா அட்டை இல்லாம இருந்திருந்தா எங்க அங்கிளுங்க அந்த பலவீன லிஸ்ட்ட எழுதியிருக்கவே மாட்டாங்க, அடுத்தவன் ஊர் தப்ப பாத்து தலையாட்டுனப்புறம் நம்ம ஊருக்கு வர்றது அவங்களுக்கு கொஞ்சம் ஈசியா இருந்துச்சு.

கயித்தோட கடைசி பக்கம் நமக்கு கிட்ட இருக்கற வருசங்க. 2003 நவம்பர்ல ரெண்டாம் ஜான் பால் போப்பு தமிழ்நாட்டு ஆயருங்ககிட்டயே, கிறிஸ்தவங்களுக்குள்ள சாதி பாகுபாடு நற்செய்திப் பணிக்கே தடைன்னு நேரா சொன்னாரு. அதுக்கப்புறம் 2008 மார்ச் 9, எறையூர். இப்ப அது கள்ளக்குறிச்சி மாவட்டம், நம்மளுக்கு பக்கத்து மாவட்டம். தலித் கிறிஸ்தவங்க தனி பங்கு கேட்டதுல கலவரமாகி வீடெல்லாம் தாக்கப்பட்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல இன்னொரு பக்கத்து வன்னிய கிறிஸ்தவங்க ரெண்டு பேரு செத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே கோவில்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க. 2016 டிசம்பர்ல இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்குன்னு ஒரு கொள்கையே வெளியிட்டு சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு ஒத்துக்கிச்சு. அது எந்த பங்குல வாசிச்சாங்கன்னு கேட்டப்ப ஹால்ல ரெண்டு கைதான் மேல போச்சு.

வக்கீல் மேடத்தோட செஷன் தனியா ஒரு முகாமா நடத்தலாம், அவ்ளோ தேவையானது. 1950ல வந்த பட்டியல் சாதி ஆணையோட மூணாவது பாராப்படி இந்துவா இருந்தாத்தான் எஸ்சி, 1956ல சீக்கியரயும் 1990ல பௌத்தரயும் சேத்தாங்க, கிறிஸ்தவங்களயும் முஸ்லிம்களயும் சேக்கல. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007ல அந்த பாராவையே எடுக்க சொல்லுச்சு, 2022ல இத ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டாங்க, 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபை தீர்மானம் போட்டு கிறிஸ்தவத்துக்கு மாறுன ஆதிதிராவிடருக்கும் எஸ்சி உரிமைய குடுங்கன்னு ஒன்றிய அரசுகிட்ட கேட்டுச்சு. மலைவாழ் மக்களுக்கு இந்த மத கட்டுப்பாடு கெடையாது, எஸ்டி மதம் மாறுனாலும் எஸ்டிதான். இதெல்லாம் எதுக்கு சபைல சொல்லிக்குடுக்கணும்னா, நம்ம சபைல ஞாயித்துக்கெழம டேவிட்டா இருக்கற பையன் ஸ்கூல் சர்டிபிகேட்ல வேற பேர்ல வேற மதத்துல இருக்கான், அவனோட அம்மா போதகருக்கு பயந்து ஒரு பக்கம், தாசில்தாருக்கு பயந்து ஒரு பக்கம் வாழறாங்க. பிரசங்கத்துல அவங்கள ரெட்டை வாழ்க்கைன்னு திட்டறத நிறுத்தணும்னு மேடம் ரொம்ப அழுத்தி சொன்னாங்க. அப்புறம் ஒரு பக்க நோட்டீஸ் குடுத்தாங்க, ரெண்டு விசயம் அதுல முக்கியம். ஒண்ணு, மதம் மாறுன ஆதிதிராவிட கிறிஸ்தவ பிள்ளைங்களுக்கு மாநில அரசோட கல்வி உதவித்தொகை உண்டு. இன்னொண்ணு, மனுசன பாதுகாப்பு கருவி இல்லாம சாக்கடைல எறக்கறத 2013 சட்டம் தடை பண்ணியிருக்கு, அப்டி எறங்கி செத்தா குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடுன்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு இருக்கு. அந்த நோட்டீஸ எங்க சபை போர்டுல ஒட்டியிருக்கோம்.

சனிக்கெழம ராத்திரி சாப்பாடு பத்தி தனியா சொல்லணும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரில இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, பறட்டைன்னா நெறைய பேருக்கு தெரியும், ஒரே உலைன்னு சொல்லுவாரு, ஒரே உலைல பொங்கி ஒண்ணா சாப்பிடறதுதான் கடவுளோட குடும்பம்னு. அத இவங்க செஞ்சே காட்டுறாங்க. வர்றவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டு அரிசி ஒரு படி எடுத்துட்டு வரணும், எல்லாத்தையும் ஒரே அண்டால கொட்டி பொங்கறாங்க. பொன்னி, சீரக சம்பா, ரேஷன் அரிசி, ஒருத்தர் அவசரத்துல இட்லி அரிசிய அள்ளிட்டு வந்துட்டாரு. ஒண்ணா போட்டா ஒண்ணு கொழையும் ஒண்ணு வேகாது, சமையல் அக்கா மொதல்ல இட்லி அரிசியயும் ரேஷன் அரிசியயும் போட்டு கொதி வந்தப்புறம் பொன்னிய போட்டு கடைசில சம்பாவ போட்டாங்க, வெளியூர் சபைல இருந்து வந்த அம்மா ஒருத்தங்க பக்கத்துல நின்னு பதம் சொல்லிட்டே இருந்தாங்க, அவங்க கை பட்ட சோத்த அவங்க ஊர் பந்தியில யாரும் இது வரைக்கும் சாப்ட்டதில்லைன்னு அப்புறம் சாட்சி சொல்றப்பதான் தெரிஞ்சுது. பாத்திரம் கழுவுற டூட்டி லிஸ்ட்ல கமிட்டி ஆளுங்க, போதகருங்க, ஒரு ஃபாதர் பேருதான் இருந்துச்சு. சோறு கொஞ்சம் கொழைஞ்சுதான் இருந்துச்சு, ரசத்துக்கு நல்லா போச்சு.

சண்டே ஸ்கூலுக்குன்னு ஒரு புக்கு குடுக்கறாங்க, டீச்சரா அத பத்தி சொல்ல எனக்கு கொஞ்சம் உரிமை இருக்கு. பாடம் எல்லாம் தெரிஞ்ச கதைங்கதான், கேள்விங்க புதுசு. வரி வசூல் பண்ணுன சகேயு கதைல குள்ளமா இருந்தான் மரத்துல ஏறுனான்னு ஆக்ஷன் சாங் பாடி விட்டுருவோம், இதுல ஏமாத்தி வாங்குனத நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொன்னத எடுத்து, உங்க ஊர்ல யாருக்கு என்ன திருப்பிக் குடுக்கணும்னு பெரிய பிள்ளைங்கள பேச விடறாங்க. யூதருங்க ஒதுக்கி வெச்ச சமாரியப் பெண்கிட்ட இயேசு தண்ணி கேட்ட பாடத்துல, அவ குடத்துல இருந்து அவரு குடிக்க கேட்டாரு, உங்க வீட்ல யாருக்காவது தனி டம்ளர் இருக்கான்னு ஒரு கேள்வி. நான் திரும்பி வந்து கிளாஸ்ல அத கேட்டேன், நாலாங்கிளாஸ் படிக்கற பாப்பா ஒண்ணு டக்குனு கைய தூக்கி எங்க வீட்ல வேலை செய்யற அக்காவுக்கு ஜன்னல் மேல தனி டம்ளர் இருக்கு டீச்சர்னு சொல்லுச்சு. அடுத்த வாரம் அவங்க அம்மா என்கிட்ட வந்து பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் எதுக்கு கேக்கறீங்கன்னு கோவப்பட்டாங்க. எங்க போதகர் எனக்கு ஆதரவா நின்னாரு, அந்த பாடத்த அப்படியே நடத்துங்கன்னாரு. பாப்பா இப்பவும் வருது, அந்த டம்ளர் என்னாச்சுன்னு நான் கேக்கல, கேக்கறதும் சரியில்ல. புக்குல ஒரே கொறை, தமிழ் ரொம்ப புத்தகத் தமிழா இருக்கு, ஓரங்கட்டப்பட்டோர் விளிம்புநிலையோர்னெல்லாம் இருந்தா அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு என்ன புரியும். படத்துல இயேசுவும் சீஷரும் நம்ம ஊரு நெறத்துல இருக்காங்க, அது பிள்ளைங்களுக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

இப்ப ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு.

கல்யாணம் பத்தி ஒரு செஷன் கூட இல்ல. இது எனக்கு பெரிய ஏமாத்தம். சபைல சாதி உயிரோட இருக்கறதே கல்யாணத்துலதான், ஆர்சி உடையார், சிஎஸ்ஐ நாடார்னு வரன் விளம்பரம் வராத கிறிஸ்தவ பத்திரிகை இருக்கா. 2015ல நம்ம ஓமலூர் பையன் கோகுல்ராஜ திருச்செங்கோடு மலைல இருந்து கடத்திட்டு போய் கொன்னுட்டாங்க, வேற சாதி பொண்ணு ஒருத்தி கூட பேசுனதுக்காக, 2022ல தீர்ப்பு வந்துச்சு. நம்ம மாவட்டத்து பையனுக்கே இப்படி நடந்திருக்கறப்ப சாதி மாறி கல்யாணம் பண்ணிக்க வர்ற பிள்ளைங்களுக்கு சபை ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்குமா, பாதுகாப்பு குடுக்குமான்னு பேசாம எப்படி விட்டாங்கன்னு தெரியல. நேரம் இல்லைன்னு சொன்னாங்க. பறைப் பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, பாட்டு அருமைதான், அதுல ஒரு மணி நேரத்த இதுக்கு குடுத்திருக்கலாம்.

ரெண்டாவது, சேர்வராயன் மலைல ஒக்காந்து பேசுறோம், மலையாளின்னு சொல்ற இந்த மலைப் பழங்குடி மக்கள்ல ஒருத்தர் கூட ஹால்ல இல்ல, எஸ்டேட் லைன் வீட்டு ஆளுங்க சமையல்ல மட்டும்தான் இருந்தாங்க. 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காப்பிய இங்க கொண்டு வந்ததுல இருந்து இந்த மலைல நெலம் யார் கைக்கு எப்படி போச்சுங்கறதே ஒரு பெரிய நீதிக் கதை, அத கேக்க அவ்ளோ பக்கத்துல இருந்தும் கேக்கல. சமையல் அக்காவ கடைசி நாள் மேடைல கூப்ட்டு சால்வை போட்டாங்க, நல்ல மனசுதான், அதுக்கு பதிலா மைக்க குடுத்து ஒரு மணி நேரம் பேச விட்டிருக்கணும்.

வடமாநில தொழிலாளிங்க பத்தி கால் மணி நேரம்தான் பேசுனாங்க, அதுவும் ஒரு தம்பி கேட்டதால. கட்டட வேலைக்கு ஜார்கண்ட்ல ஒடிசால இருந்து வர்றவங்கள்ல நெறைய பேரு ஆதிவாசி கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கெழம கடைசி பெஞ்சுல ஒக்காந்துட்டு பாஷை புரியாம எந்திரிச்சு போறாங்க. நம்ம பசங்க வாயில வடக்கன்ங்கற வார்த்தை எவ்ளோ சாதாரணமா வருதுன்னு கேட்டா கஷ்டமா இருக்கு. மாசத்துக்கு ஒரு இந்தி ஆராதனை, கூலி வராம போனா லேபர் ஆபீசுக்கு கூட போக ஒரு ஆளு, இது ரெண்டும் எந்த சபையும் செய்யக்கூடியதுதான்.

கட்டணம் பத்தியும் சொல்லணும். 1,200 எங்களுக்கு ஓகே, கூலிக்கு போறவங்களுக்கு அதோட சனிக்கெழம சம்பளமும் போகுது. கேட்டா சலுகை தர்றாங்க, ஆனா கேக்க வெக்கறதே தப்பு, வசதி இருக்கற சபை ரெண்டு பேருக்கு சேத்து கட்டட்டும்னு லெட்டர்லயே போட்டுடலாம். முகாம் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு போன்தான் வந்துச்சு, அதுவும் அவங்க தரப்புல சரி பண்ணிக்கவேண்டியது.

எங்க சபைல என்னாச்சுன்னு கேப்பீங்க. சந்தா தீர்மானம் பொதுக்குழுல பாஸ் ஆயிருச்சு, ரெண்டு பேரு மட்டும் எதிர்த்தாங்க. கல்லறை தீர்மானம் இன்னும் நிக்குது. எறந்த தேதி வரிசைப்படி அடுத்தடுத்த குழி, குடும்பத்துக்குன்னு எடம் ஒதுக்கறது கெடையாது, இதுதான் அந்த தீர்மானம், முன்மொழிஞ்சது அந்த ரெஜிஸ்டர் பாத்த அங்கிள்தான். அவங்க குடும்பத்துக்கு வேப்பமரத்தடியில ரெண்டு எடம் ஏற்கனவே பணம் கட்டி வெச்சிருக்காங்க, அத சபைக்கே திருப்பி எழுதித் தர்றேன்னு கமிட்டில சொல்லியிருக்காரு. மத்தவங்க அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு தள்ளிட்டாங்க, அடுத்த கூட்டம் ஈஸ்டருக்கு அப்புறம்.

போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. போதகர மட்டும் அனுப்பி வெக்காதீங்க, வாலிபர்கள மட்டும் அனுப்பறதும் வேஸ்ட்டு, திரும்பி வந்து அவங்க பேச்ச யாரும் கேக்கமாட்டாங்க. கமிட்டில கையெழுத்து போடற ஆளு ஒருத்தர், கமிட்டில எப்பவுமே இல்லாத தெருவுல இருந்து ஒருத்தர், ஒரு டீச்சர், இந்த மூணு பேராவது சேந்து போகணும். அடக்க ரெஜிஸ்டர், சந்தா நோட்டு, கமிட்டி லிஸ்ட்டு ஜெராக்ஸ் கண்டிப்பா வேணும், அது இல்லாம போன ஒரு சபை மொத நாள் ராத்திரி சும்மா ஒக்காந்திருந்தாங்க. அரிசி ஒரு படி, போர்வை ஒண்ணு.